திரும்பி வருவதற்கான தாள்

“கலியாணம் முடிச்சு வெளிநாட்டுக்குப் போற பிள்ளைக்குத் திரும்பி வாற டிக்கெட்டும் சேத்து எடுத்திருக்கிறியளே, உங்களுக்கென்ன மூளை கலங்கிப் போச்சோ?”

“கத்தாதையும், சரோ. ஒழுங்கை முழுக்கக் கேக்குது.”

“கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்! வாஹித் நானா, நீங்களே சொல்லுங்கோ. உங்கட மகளெண்டால் இப்பிடி எடுப்பியளோ?”

வாஹித் நானா கதிரையின் நுனியில் அமர்ந்திருந்தார். மடியில் பதின்மூன்று விமான டிக்கெட்டுகள் ரப்பர் வளையம் போட்டுக் கிடந்தன. பதுளைக் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருப்பவர் அவர். எந்தக் கோபக்கார வாடிக்கையாளரையும் இரண்டாம் சேலையை விரிப்பதற்குள் அமர்த்திவிடக்கூடியவர். ஆனால் சரோஜினி டீச்சரிடம் அந்த வித்தை செல்லவில்லை.

“டீச்சர், கோவப்படாதீங்க. இது கூட்டமாப் போற டிக்கெட்டு. பதிமூணு பேரும் போய்த் திரும்பினாத்தான் இந்த வெல. தங்கச்சிக்கு மட்டும் தனியாப் போற டிக்கெட்டுன்னா ரெண்டு மடங்கு கேக்கிறான்.”

“கேட்டால் குடுக்கிறது!”

“அதோட…”

“அதோட என்ன?”

“தங்கச்சிட இருவது கிலோவையும் நான் சேத்துட்டேன், டீச்சர்.”

மதிலுக்கு அந்தப் பக்கம் வாஹித்தின் மனைவி ஸித்தி ஸுபைதா ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த பானையை மறுபடி எடுத்துக் கழுவத் தொடங்கினாள். அந்தப் பானை அந்த வருடம் இருந்த அளவுக்கு வேறெந்த வருடமும் சுத்தமாக இருந்ததில்லை.

இருபது கிலோ விஷயம் இதுதான். மாப்பிள்ளை தனேஸ்வரன் சுவிஸில். இலங்கையில் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்து அங்கே தங்கியிருப்பவன், தாலி கட்ட இங்கே வந்து இறங்கினால் எழுதிக் கொடுத்ததை யார் நம்புவார்கள்? ஆகவே கலியாணம் மூன்றாம் நாட்டில். மாப்பிள்ளையின் அக்கா சிங்கப்பூர் என்றாள். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், முப்பத்துநான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற டீச்சரின் கணவர் சிற்றம்பலம் ஒரு கோடு போட்ட தாளை எடுத்து, சிங்கப்பூர் ஒரு பக்கம், திருச்சி ஒரு பக்கம் என்று எழுதி, சிங்கப்பூரை வெட்டினார். திருச்சியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லொட்ஜின் மொட்டைமாடி மண்டபம். சமையல்காரர், மேளம், ஐயர், மாலை எல்லாம் சேர்த்து ஒரே விலைப் பேச்சு, ஒரே நாள். ஆள்களைக் கொண்டுபோவதுதான் சிக்கல். அங்கேதான் வாஹித் நானா வந்தார். பதின்மூன்று டிக்கெட்டையும் வந்த விலைக்கே எடுத்துத் தருவார். பதிலுக்கு, திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் தமக்குரிய இருபது கிலோவில் அவருடைய திருச்சிச் சேலைகளைக் கொண்டுவர வேண்டும்.

ஒரு சிவப்பு மைப் பேனையைக்கூடக் கச்சேரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவராத சிற்றம்பலம், மகளின் கலியாணக் கூட்டத்தைச் சேலை மூட்டை சுமக்க வைக்கச் சம்மதித்தார் என்பதை ஒழுங்கையில் பலர் இரண்டு தடவை கேட்டுத்தான் நம்பினார்கள். ஸுபைதாவுக்கு வேறு மனத்தாங்கல். “நாங்க சாப்பிட்டுருவோம்னுதானே கடல் தாண்டிப் போறீங்க, டீச்சர்?” என்று அழைப்பிதழை வாங்கும்போதே கேட்டுவிட்டாள்.

இந்தச் சத்தம் முழுவதையும் உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் பிரசாந்தினி. வயது முப்பத்தொன்று. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. முன்னால் தவணைப் பரீட்சைத் தாள்கள் ஒரு கட்டு. சேலை மூட்டையும் இரண்டு மடங்கு விலையும் அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. “திரும்பி வாற டிக்கெட்” என்று அம்மா கத்தியபோது, கையிலிருந்த பேனை நின்றது. அப்படியொன்று தன் பெயரில் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியும். அது அவளுக்குத் துர்ச்சகுனமாகத் தோன்றவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது.

காரணம் முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் கடைத்தெருவில் உள்ள தொலைபேசிக் கடைக்கு அவள் போவாள். அந்த இலக்கத்துக்குத் தனேஸ்வரன் எடுப்பான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழெட்டு நிமிடம். அவன் கெட்டவன் இல்லை. ஓர் உணவகத்தின் பின்பக்கம் சட்டி கழுவுகிறவன், களைத்த குரல், எப்போதும் முதலில் “சாப்பிட்டியளோ?” என்று கேட்பான். அந்த ஞாயிறு அவள்தான் கேட்டாள்.

“கலியாணம் முடிஞ்சால் என்னை எப்ப கூப்பிடுவியள்?”

“பாப்பம்.”

“பாப்பம் எண்டால்? ஒரு மாசமோ, ஆறு மாசமோ?”

அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. “உமக்கு மறைச்சு என்ன. இங்க இருக்கத் தந்த என்ர பேப்பர் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிறது. அதை வச்சு ஆளைக் கூப்பிட ஏலாது. வழக்குப் போட்டிருக்கு. ரெண்டு வருஷம் எண்டாலும் மூண்டு வருஷம் எண்டாலும் திருச்சியில இரும். அக்காவின்ர மனுசன்ர ஆக்கள் அங்க இருக்கினம்.”

“அப்ப நீங்கள் திருச்சிக்கு எப்பிடி வாறியள்?”

“அதுக்கு ஆள் இருக்கு. நாலு நாள்தான். இதையெல்லாம் உங்கட வீட்டில சொல்லிப்போடாதையும், பயந்திடுவினம். பள்ளிக்கூட வேலையையும் விட்டிட்டு வாரும். இனி அது என்னத்துக்கு?”

அவள் வீட்டில் சொல்லவில்லை. செவ்வாய் தோஷம் என்று ஆறு இடம் தட்டிப்போய் ஏழாவதாக அமைந்தது இது. அழைப்பிதழ் அடித்தாயிற்று. அம்மாவின் முகத்தில் நாலு வருடத்துக்குப் பிறகு சிரிப்பு வந்திருந்தது. ஆனால் வேலையை விடும் கடிதத்தையும் அவள் கொடுக்கவில்லை. ஒரு மாத லீவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருந்தாள். மற்றக் கடிதம் கைப்பையில் மடித்தபடி கிடந்தது.

சண்டை ஒருவாறு அடங்கியது. வாஹித் நானா தேநீர் குடித்து, டிக்கெட்டுகளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சரோஜினி டீச்சரின் வாய்தான் அடங்கியது, மனம் அடங்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. பிரசாந்தினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது குசினிக்குள் அம்மா தெரிந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகளின் டிக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் காலத்து டிக்கெட் ஒரு சின்னப் புத்தகம். போக ஒரு தாள், வர ஒரு தாள். இரண்டு தாளிலும் இரண்டு பயணமும் எழுதியிருக்கும். எந்தத் தாள் எந்தப் பயணத்துக்கு என்று காட்டுவது, ஒரு வரியின்மேல் படிந்திருக்கும் கருநிறப் பட்டை மட்டும்.

முப்பது வருடம் பாலர் வகுப்புக்குப் படிப்பித்த சரோஜினி டீச்சருக்கு ஒன்று நிச்சயம்: முக்கியமான வரிக்குத்தான் மை பூசுவார்கள். ‘திருச்சி – கொழும்பு’ என்ற வரி எந்தத் தாளில் கறுத்திருந்ததோ அதுதான் திரும்பி வரும் தாள் என்று தீர்மானித்தாள். முருகா என்று சொல்லிக்கொண்டே அதைச் சரக்கென்று கிழித்து அடுப்பில் போட்டாள். ஒரு சிட்டிகை உப்பும் மிளகாயும் அதன்மேல் போட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, உலகத்துக்கே நன்மை செய்தவள்போல முற்றத்துக்குப் போனாள்.

பிரசாந்தினி மெல்ல வந்து புத்தகத்தைத் திறந்தாள். எஞ்சியிருந்த தாளில் ‘கொழும்பு – திருச்சி’ கறுத்திருந்தது. கருநிறப் பட்டை விழுந்த வரி செல்லாத வரி என்று தாளின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் இருந்தது. அம்மா கிழித்தது போகிற தாளை. இப்போது அவளிடம் இருப்பது திருச்சியிலிருந்து வருவதற்கு மட்டும் செல்லுகிற ஒரு டிக்கெட். போகாத இடத்திலிருந்து திரும்பி வரலாம்.

அவள் சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை முழுநாளும் இருந்தது, வெள்ளிக்கிழமை முழுநாளும் இருந்தது. வாஹித் நானா பக்கத்து வீட்டில். டிக்கெட் கொடுத்த கொழும்பு அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு; மாற்றுத் தாள் எழுதித் தந்திருப்பார்கள். வியாழன் காலை அவள் மதில்வரை போனாள். “என்ன தங்கச்சி, மருதாணி அரைச்சுத் தரவா?” என்று ஸுபைதா கேட்டாள். “ஓம் அக்கா” என்று சொல்லி, இரண்டு கையையும் நீட்டி மருதாணி போட்டுக்கொண்டு திரும்பினாள். வெள்ளிக்கிழமை பரீட்சைத் தாள்கள் எல்லாவற்றையும் திருத்தி முடித்தாள். தான் திரும்பி வரமாட்டாத பள்ளிக்கூடத்துக்காக யாரும் அவ்வளவு கவனமாகத் திருத்துவதில்லை.

சனிக்கிழமை விடியமுன் வாஹித் நானாவின் வேன் புறப்பட்டது. அப்புத்தளையில் சித்தப்பா குடும்பம் ஏறிக்கொண்டது. சித்தப்பா அங்கே ஒரு தோட்டத்துக் கந்தோரில் கிளார்க். அவருடைய மகள் லதுஷாதான் மணப்பெண்ணுக்குத் தோழி. இருபத்துமூன்று வயது; உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவள். முதல் தடவையாக விமானம் ஏறப்போகிற சந்தோஷத்தில் பெரகல மலைப்பாதை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் சிரித்தாள்.

“அக்கா, பிளேனுக்குள்ளயும் இப்பிடி வருமோ?”

“வராது. கண்ணை மூடிக்கொண்டு இரு.”

“கண்ணை மூடவோ நான் இவ்வளவு தூரம் வாறன்?”

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பன்னிரண்டு பேருக்கும் முத்திரை விழுந்தது. பதின்மூன்றாவது டிக்கெட்டைத் திறந்த பெண் பிள்ளை முன்னும் பின்னும் புரட்டினாள். போவதற்குரிய தாள் எங்கே என்று கேட்டாள்.

சரோஜினி டீச்சர் முன்னால் வந்தாள். “அது இருக்குதானே மகள். நான் கிழிச்சது மற்றது. திரும்பி வாற வரி கறுப்படிச்சது.”

கறுப்படித்த வரிதான் செல்லாது, அம்மா கிழித்தது போகிற தாள் என்று அந்தப் பிள்ளை சிங்களத்தில் சொல்லி, ஆங்கிலத்தில் சொல்லி, கடைசியில் விரலால் தொட்டுக் காட்டினாள். சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். காசு கொடுத்துப் புதிதாக ஏறலாம் என்றால், அவளுடைய இடத்தை அதற்குள் காத்திருந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்; வேறு இடமில்லை. டிக்கெட் கொடுத்த அலுவலகம் திங்கள்தான் திறக்கும். அடுத்த விமானம் செவ்வாய். முகூர்த்தம் திங்கள் காலை. மாப்பிள்ளைக்குத் திரும்பும் விமானம் செவ்வாய் விடிய. மண்டபம் ஒரே நாளுக்கு. மலிவாகத் திட்டமிட்ட கலியாணத்தில் ஒரு நாள்கூட மிச்சம் வைத்திருக்கவில்லை.

“நீ பாக்கேல்லையோ, பிள்ளை?” என்று அப்பா கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“இல்லை அப்பா.”

சரோஜினி டீச்சர் தன் வலது கையைப் பார்த்தபடி நின்றாள். “இந்தக் கைதான். இந்தக் கையாலதான்” என்றாள். அதன்பிறகு அந்த வசனத்தை அவள் எத்தனை பேரிடம் சொன்னாள் என்பதற்கு அளவில்லை.

மற்றவர்கள் போகத்தான் வேண்டும் என்று முடிவாயிற்று; மாப்பிள்ளை வீட்டாரிடம் முகம் காட்டிப் பேச ஆள் வேண்டுமே. பதினொருவர் பறந்தார்கள். தாயும் மகளும் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினார்கள். தாய் சாப்பிடவில்லை. மகள் சாப்பிட்டாள். ஒன்பது மணிக்கே நித்திரையும் கொண்டாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கிய முதல் இரவு அது.

ஞாயிறு மத்தியானம் லொட்ஜின் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. சிற்றம்பலம். சரோஜினி டீச்சர் கேட்டாள், கேட்டாள், பிறகு ரிசீவரைக் கையால் பொத்தினாள்.

“என்னம்மா?”

“அவையள்… மாப்பிள்ளை வீட்டார் லதுஷாவைக் கேக்கினமாம். மாப்பிள்ளை இன்னொருக்கால் வர ஏலாதாம். மண்டபம் இருக்கு, சமையல் இருக்கு எண்டு தமக்கைக்காரி நிக்கிறாவாம். சித்தப்பாவும் சித்தியும் ஓம் எண்டிட்டினமாம். உன்னைக் கேட்டிட்டுச் சொல்லச் சொல்லுறார் அப்பா.”

பிரசாந்தினி வாங்கிக் காதில் வைத்தாள். “லதுஷாவைக் கூப்பிடுங்கோ, அப்பா.”

சிறிது நேரம் பின்னால் யாரோ பாத்திரம் நகர்த்தும் சத்தம். பிறகு லதுஷா.

“அக்கா? கோவமோ அக்கா?”

“இல்லையடி. உனக்கு விருப்பமோ?”

“எனக்குத் தெரியேல்லை. நல்ல மாதிரித்தான் கதைச்சவர். சாப்பிட்டியளோ எண்டு கேட்டவர்.” ஒரு சின்னச் சிரிப்பு. “அப்புத்தளையில இருந்து என்னத்தைக் கண்டன், அக்கா? நீங்கள் வேண்டாம் எண்டால் நான் வேண்டாம்.”

கண்ணாடிப் பெட்டி, தட்டுகள் மோதும் சத்தம், இரண்டு வருஷம் எண்டாலும் மூண்டு வருஷம் எண்டாலும். எல்லாம் பிரசாந்தினியின் வாய்வரை வந்தது. சொன்னால் அந்தக் கலியாணம் நின்றுவிடும். நின்றால், ஏன் நின்றது, உனக்கு எப்போது தெரியும், தெரிந்தும் ஏன் புறப்பட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கேட்டுக்கேட்டு அந்த அடுப்பங்கரைக்கு வந்து நிற்பார்கள்.

“பேப்பரைப் பற்றி ஏதும் சொன்னவரோ?”

“என்ன பேப்பர்?”

“ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்.”

திங்கள் காலை ஒன்பதே காலுக்கு லதுஷாவுக்குத் தாலி ஏறியது. கூறைச் சேலை பிரசாந்தினியின் அளவுக்குத் தைத்த சட்டையோடு போயிருந்தது. சட்டைக்கு ஊசி குத்திச் சமாளித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பத்துப் பேர் சேலை மூட்டைகளோடு பதுளைக்கு வந்து சேர்ந்தார்கள். சிற்றம்பலம் தன் மூட்டையைத் தானே வாஹித் நானாவின் வாசலில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். மூன்று பேருடைய அறுபது கிலோ குறைந்ததைப் பற்றி வாஹித் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஸுபைதா மட்டும் ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டே கணவனிடம் சொன்னாள்:

“அரை மார்க்கு கூடிப்போனாலும் கண்டுபிடிக்கிற டீச்சரு. ஒரு முழுத் தாள் இல்லாதத காணலியாமா?”

“வாய மூடு, ஸுபைதா. அந்தப் புள்ள கேட்டா மனசு ஒடஞ்சிரும்.”

“ஒடையாது. மருதாணி போடுறப்போ அவ கை நடுங்கவே இல்ல. கல்யாணப் பொண்ணு கை நடுங்கணும்.”

மதில் ஒன்றுதான் நடுவில். பிரசாந்தினி உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டது. மடித்து முடித்தாள்.

லதுஷா திருச்சியில் காத்திருந்தாள். ஒரு வருடம் என்றார்கள். தனேஸ்வரனுடைய அக்கா கணவரின் உறவுக்காரர் வீட்டின் மாடியில் ஓர் அறை. தண்ணீர் காலையில் மட்டும் வரும். மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். முதலாம் வருடக் கடிதங்களில் கோயில்கள் இருந்தன. இரண்டாம் வருடத்தில் வெயில் இருந்தது. மூன்றாம் வருடத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் நீளவில்லை. பிரசாந்தினி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள், பதுளையில் மழை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பெரியம்மாவின் முழங்கால் நோ என்று. இலங்கையில் போர் ஓய்ந்து சமாதானம் வந்து, பாதைகள் திறந்து, வெளிநாடுகளில் இருந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்து யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ‘எங்கட ஆள் மட்டும் இன்னும் பேப்பருக்கு நிக்கிறார்’ என்று லதுஷா எழுதினாள்.

நாலாம் வருடம் வந்த கடிதத்தில் இரண்டே வரி. ‘அக்கா, உங்களுக்கு முதலே சொன்னவராம். அண்டைக்கு ஃபோனில பேப்பர் எண்டு கேட்டது இதைத்தானோ?’

பிரசாந்தினி பதினொரு நாள் அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்திருந்தாள், கொடுக்காத ராஜினாமாக் கடிதத்துக்குப் பக்கத்தில். பன்னிரண்டாம் நாள் எழுதினாள்: ‘ஓம். தெரியும். டிக்கெட்டிலும் எந்தத் தாள் இல்லை எண்டு எனக்கு முதலே தெரியும்.’ தபாற்கந்தோருக்குத் தானே நடந்துபோய்ப் போட்டாள்.

பதில் வரவில்லை.

அடுத்த வருடம் லதுஷா விசா கிடைத்துச் சுவிஸுக்குப் போனாள். இப்போது இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பொங்கலுக்கும் படமும் சொக்லேட்டும் அனுப்புகிறாள்; உறையில் ‘பெரியப்பா, பெரியம்மா’ என்று மட்டும் இருக்கும். சித்தப்பா ஓய்வு பெற்று, அப்புத்தளையை விட்டுச் சித்தியோடு வவுனியாவுக்குப் போய்விட்டார்.

பிரசாந்தினி 2005 ஆவணியில் நிரோஜனை மணந்தாள். வெலிமடை விவசாயத் திணைக்களத்தில் வேலை, மனைவியை இழந்தவர், செவ்வாயைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கலியாணம் பதுளைக் கோயிலிலேயே நடந்தது. ஒழுங்கை முழுக்க வந்து சாப்பிட்டது. ஸுபைதா இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். மருதாணி அவள்தான் போட்டாள். இந்தத் தடவை கை நடுங்கியதா என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய காரியம்.

அன்று அடுப்படியில் தான் பார்த்ததைச் சரோஜினி டீச்சருக்கு மகள் இன்னும் சொல்லவில்லை. புதுத் தம்பதியை வேனில் ஏற்றி அனுப்பும்போதுகூடத் தாய் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, “இந்தக் கையால நான் ஒண்டையும் தொட்டுத் தரமாட்டன், பிள்ளை. அப்பாட்டை வாங்கிக்கொண்டு போ” என்றாள். பிரசாந்தினி அப்பாவிடம் குங்குமத்தை வாங்கிக்கொண்டு வெலிமடைக்குப் போனாள்.